மலைக்கும் பத்தியம் உண்டு!

'லடாக் போறோம் டாக்டர்... குளிருக்கு ஏதாவது லேகியம் கொடுங்க' என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். ஸ்வெட்டர், குல்லா, புளிக்காய்ச்சல் எல்லாம் தயாராக இருக்கும். 'லே நகரில் இறங்கியதும் எத்தனை நாள் ஓய்வு?' என்று கேட்டால் மட்டும், 'ஓய்வா! ஆறு நாள் டூர்தானே... அன்னிக்கே சுத்திப் பார்க்கக் கிளம்பிடுவோம்' என்பார்கள்.

வெளிப்படையாகவே சொல்கிறேன். உயரமான மலையில் குளிர் இரண்டாவது எதிரிதான். முதல் எதிரி நம் அவசரம்!

ஊட்டிக்குப் போய் வந்த தைரியம் இங்கே செல்லாது. ஊட்டி சுமார் 7,300 அடி. 8,000 அடியைத் தாண்டினாலே மலை நோய் தலைகாட்டலாம். லே 11,500 அடி! டெல்லியிலிருந்து விமானத்தில் சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் போய் இறங்கிவிடுகிறோம். உடம்பு அத்தனை வேகமாக வருமா?

மேலே போகப் போகக் காற்றில் பிராணவாயுவின் விகிதம் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அங்கேயும் அதே 21 சதவிகிதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். அதனால் லேயில் ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைப்பது, சென்னையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பிராணவாயுதான். 18,000 அடியில் பாதி! இதைச் சரிக்கட்ட மூச்சு வேகமாகிறது, நாடி துடிக்கிறது, சிறுநீர் அதிகமாகப் பிரிகிறது. உடம்பு இப்படிப் பழகிக்கொள்ள சில நாட்கள் ஆகும்.

'எனக்கு வயசு இருபத்தஞ்சு, தினமும் ஜிம் போறேன்' என்பதெல்லாம் மலையிடம் எடுபடாது. 1962 சீனப் போரின்போது, சமவெளியிலிருந்து அவசரமாக இமயத்துக்கு ஏற்றப்பட்ட நம் ராணுவ வீரர்கள் பலர் குண்டு படாமலேயே நோயில் விழுந்தார்கள். அவர்களைவிட நாம் பலசாலிகளா?

தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை... இவை மலை தரும் முதல் எச்சரிக்கை. 'பயண அலுப்பு' என்று ஒதுக்காதீர்கள். சரியாகும்வரை ஓர் அடிகூட மேலே ஏறக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்திருக்கலாம். ராத்திரியானாலும் சரி, உடனே கீழே இறக்க வேண்டும். பிராணவாயு கொடுக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

கயிலாயம் போகிறவர்கள் பலர் பச்சைக் கற்பூரத்தைத் துணியில் முடிந்து முகர்ந்துகொண்டே நடக்கிறார்கள். சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்... கற்பூர வாசனையில் மூச்சு சுலபமானதுபோல் தோன்றும். ரத்தத்தில் பிராணவாயு ஏறாது. சுக்குக் கஷாயம் இதமாக இருக்கும், குடிக்கலாம். ஆனால், கீழே இறங்க வேண்டிய நோயாளியைக் கஷாயம் கொடுத்து மேலே கூட்டிப் போவது வைத்தியம் ஆகாது. அலோபதியில் அசெட்டசோலமைட் மாத்திரை முன்னெச்சரிக்கையாகத் தருகிறார்கள். கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரைக் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை மறக்காமல் சொல்லுங்கள். இதய, நுரையீரல் நோயாளிகளும் கர்ப்பிணிகளும் டாக்டர் சம்மதிக்காமல் டிக்கெட்டே எடுக்க வேண்டாம்.

மருந்துக்குப் பத்தியம் இருப்பதுபோல் மலைக்கும் உண்டு. லேயில் இறங்கியதும் இரண்டு நாள் முழு ஓய்வு. மது, தூக்க மாத்திரை கூடாது. தாகத்துக்குத் தண்ணீர், எளிதில் செரிக்கும் சாப்பாடு. 10,000 அடிக்கு மேல், படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 1,500 அடிக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு.

'ரெண்டு நாள் ரூம் வாடகை தண்டம்' என்று வீட்டில் முணுமுணுப்பு வரும். வரட்டும்! டூர்காரரிடம் பணம் கட்டுமுன், 'ஓய்வு நாள் எங்கே?' என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள். ஒரு ஏரி குறைந்தால் பரவாயில்லை... போன அத்தனை பேரும் நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும்.