உழக்கும் மிஞ்சாது என்று கணக்கை விடலாமா?

செஞ்சி கமிட்டிக்கு மூட்டையைக் கொண்டுபோனால் எடை போடுவார்கள், விலை விழும், சீட்டு வரும், பணம் வரும். சீட்டில் உள்ள தொகைதான் கைக்கும் வரும். இந்தப் பழக்கத்தோடு இணையச் சந்தைக்குள் நுழையும்போதுதான் நாம் இடறுகிறோம்.

நானே இடறினேன். 33 வருஷம் வங்கியில் ஊரார் கணக்கைச் சரிபார்த்தவன். ஓய்வுக்குப் பிறகு மேல்சித்தாமூரில் அப்பா விட்டுப்போன நிலத்தில் ரசாயனம் இல்லாமல் உளுந்தும் மல்லாட்டையும் போடுகிறேன். மல்லாட்டையில் பெரும்பகுதியை மரச்செக்கில் ஆட்டி எண்ணெயாக விற்கிறேன். 2024-25இல்தான் முதன்முதலாக ஓர் இணையச் சந்தையில் சேர்ந்தேன். வரிப் படிவத்தில், வங்கிக்கு வந்த 5,00,000 ரூபாயை விற்பனை என்று எழுதிவிட்டேன். சில மாதத்தில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. வருமான வரித் துறையிடம் இருந்த தொகை 6,80,000!

"பேங்க் ஆபீசருக்கே நோட்டீசா? அப்ப நாங்கல்லாம் எம்மாத்திரம் சார்? நான் பழையபடி ஏவாரிக்கே போட்டுடறேன்" என்றான் பக்கத்து நிலத்துத் தம்பி. கடிதத்தைவிட அவன் பேச்சுதான் என்னைச் சுட்டது. நேரடி விற்பனைக்கு வா வா என்று அவனைக் கூப்பிட்டவனே நான்தான்.

இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். 1,80,000 எங்கே போனது? திரும்பி வந்த சரக்கு 38,000. கமிஷன், கூரியர், அவற்றின் மீதான ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்து 1,12,000. வருமான வரிப் பிடித்தம் 3,380. ஜி.எஸ்.டி. சட்டப்படி சந்தை பிடித்தது 4,010. மார்ச்சில் விற்று ஏப்ரலில் வந்த பணம் 22,610. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். (வாங்கியவர்கள் கட்டிய ஜி.எஸ்.டி.யை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.) யாரும் திருடவில்லை. ஆனால் இதை ஒரே தாளில் எனக்கு யாரும் தரவும் இல்லை. ஐந்து அறிக்கைகளிலிருந்து பொறுக்கி எடுக்க வேண்டியிருந்தது.

இதன் சூட்சுமம் இதுதான். வருமான வரிச் சட்டத்தின் 194-ஓ பிரிவு 2020 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்தது. இணையச் சந்தை நடத்துபவர் மொத்த விற்பனையின் மீது வரி பிடிக்க வேண்டும். முதலில் 1 சதவீதம், 2024 அக்டோபர் 1 முதல் 0.1 சதவீதம். பான் அல்லது ஆதார் கொடுத்த தனிநபருக்கு ஆண்டு விற்பனை 5 லட்சத்தைத் தாண்டாவிட்டால் பிடித்தம் இல்லை. கமிஷன் போக நம் கைக்கு வந்ததை அவர்கள் பார்ப்பதில்லை. 2024-25இல் அந்த மொத்தத் தொகைதான் 26ஏஎஸ் படிவத்திலும் ஏ.ஐ.எஸ். என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் ஏறியது. நாமோ பாஸ்புக்கைப் பார்த்து எழுதுகிறோம்.

"விவசாயத்துக்குத்தான் வரி கிடையாதே?" என்பீர்கள். பாதி உண்மை. என் நிலத்தில் விளைந்து, காயவைத்து, புடைத்து விற்ற உளுந்து வேளாண் வருமானம், வரிவிலக்கு உண்டு. மற்ற வருமானம் வரம்பைத் தாண்டினால் வரி விகிதம் பார்க்க மட்டும் அதைச் சேர்ப்பார்கள். எண்ணெய் அப்படியல்ல. 2024-25க்குப் பொருந்திய 1962ஆம் ஆண்டு விதிகளில் 7ஆம் விதி அதற்கு வழி சொன்னது. செக்குக்குப் போன சொந்த மல்லாட்டையின் சந்தை மதிப்பை, அந்த ஆண்டின் சராசரி விலைப்படி கழித்துக்கொள்ளலாம். மிச்சம்தான் வியாபாரக் கணக்கு. உழவு, களை, அறுப்புக் கூலியை அங்கே மறுபடி கழிக்க முடியாது. ஆகவே கமிட்டி விலையை மாதாமாதம் குறித்து வையுங்கள். உளுந்து, எண்ணெய் இரண்டின் விற்பனையும் சேர்ந்து அந்த 6,80,000க்குப் பதில் சொல்ல வேண்டும். வேளாண் வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் சகஜ், சுகம் என்ற எளிய படிவங்கள் நமக்குப் பொருந்தாது என்பதும் நினைவிருக்கட்டும்.

என் கருத்து இது. பி.ஜி.எஸ். சான்றுக்காக எந்தத் தேதியில் ஜீவாமிர்தம் விட்டோம் என்றுகூட எழுதி வைக்கிறோம். அதே நோட்டில் இன்னும் ஒரு பக்கம் விற்பனைக்கு ஒதுக்க என்ன தடை? மொத்தம், திரும்பியது, கழிவு, வந்தது என நான்கு கட்டம் போதும். மாதம் ஒரு மாலை போதும். நேரடி விற்பனைப் பயிற்சி நடத்தும் நம் இயக்கமும் அதில் அரை நாளைக் கணக்குக்குக் கொடுக்க வேண்டும்.

இணையச் சந்தைகள் ஆண்டு முடிவில் ஒரே தாளில், தமிழில், இந்தக் கணக்கைத் தர வேண்டும். அரசுக்கும் ஒரு கேள்வி. வரியே இல்லாத உளுந்து விற்பனையில் முதலில் பிடிப்பானேன், பிறகு படிவம் போட்டுத் திரும்ப வாங்கச் சொல்வானேன்? 2019இல் ரொக்கம் எடுப்பதற்கு வரிப்பிடித்தம் வந்தபோது, உழவருக்குக் கொடுக்கப் பணம் எடுக்கும் ஒழுங்குமுறைக்கூட வியாபாரிகளுக்கு விலக்கு அளித்தார்கள். வியாபாரிக்கு முடிந்தது உழவனுக்கு முடியாதா?

திருத்திய படிவம் போட்டுவிட்டேன். அந்தக் கணக்கைப் போட்டபோதுதான் வேறொன்றும் தெரிந்தது. அரை லிட்டர் பாட்டில் விற்றதில் கமிஷனும் கூரியரும் போக எனக்கு ஒரு பைசா நிற்கவில்லை. இப்போது இரண்டு லிட்டருக்குக் குறைந்து அனுப்புவதில்லை. தம்பியும் அப்படியே செய்கிறான், ஏவாரியிடம் போகவில்லை.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். சரி, மிஞ்சாத அந்த உழக்கு யார் வீட்டுக்குப் போகிறது என்றாவது பார்க்க வேண்டாமா?