உங்கள் உழைப்புக்கும் கூலி எழுதுங்கள்

வடமதுரைக்கும் அய்யலூருக்கும் நடுவே, திருச்சி ரோட்டை விட்டு இறங்கி ஒரு கிலோமீட்டர் நடந்தால் எங்கள் காடு வரும். நாற்பது சென்ட். அப்பா விட்டுப்போன புஞ்சை. செம்மண்தான், ஆனால் ஒரு முழம் தோண்டினால் சரளை தட்டும். மூலையில் ஐம்பதடிக் கிணறு ஒன்று இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை சரியாகப் பெய்தால் தை வரைக்கும் தண்ணீர் நிற்கும். மற்ற மாதங்களில் பக்கத்துக் காட்டு அக்காவிடம் கேட்டு, அவருடைய போரிலிருந்து முறை வைத்துப் பாய்ச்சுகிறேன்.

முப்பத்தொரு வருடம் திண்டுக்கல்லில் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு 2024 மே மாதம் ஓய்வு பெற்றேன். அந்த ஆடியிலேயே உழவு போட்டேன். பிள்ளைகளுக்கு வரவு செலவு சொல்லிக்கொடுத்த கை சும்மா இருக்காது. ஒரு நோட்டு வாங்கி, இடது பக்கம் செலவு, வலது பக்கம் வரவு என்று கோடு போட்டேன். மூன்றாவதாக ஒரு பத்தி. நான் எத்தனை மணி நேரம் காட்டில் வேலை செய்தேன் என்பதை அதில் எழுதினேன். அந்த மூன்றாவது பத்தியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குத் தினக்கூலி 319 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 40 ரூபாய். என் உழைப்புக்கும் அந்த 40 ரூபாயைத்தான் போட்டேன். ஆடி முதல் ஆனி முடிய 612 மணி நேரம் உழைத்திருக்கிறேன். அதற்குக் கூலி 24,480 ரூபாய். உழவு, எரு, விதை, நாற்று, களை எடுக்க வந்தவர்களின் கூலி, கம்பி வலை எல்லாம் சேர்த்துக் கைக்காசு 13,760. ஆகச் செலவு 38,240. விளைந்த தக்காளி, அவரை, தட்டைப்பயறு, கத்தரி, கீரை, முருங்கை எல்லாவற்றையும் அன்றன்றைய சந்தை விலைக்கு மதிப்புப் போட்டால் வரவு 16,900. துண்டு விழுந்தது 21,340 ரூபாய்.

என் வயதுக்காரர்களும், என்னிடம் படித்துவிட்டு பெங்களூரிலும் சென்னையிலும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைகளும் இப்போது நிலத்தைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். “டீச்சர், ஒரு ஏக்கர் வாங்கிப் போட்டா மாசம் எவ்வளவு வரும்?” என்பதுதான் முதல் கேள்வி. அதைக் கேட்க வைப்பவர்கள் ரோட்டோரம் பேனர் கட்டியிருக்கிறார்கள். பண்ணை நிலம், இருபது சென்ட், சுற்றிக் கம்பி வேலி, மாங்கன்று நட்டுத் தருவோம், பராமரிப்பும் எங்களுடையது, வருமானம் உங்களுடையது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் நத்தம் பக்கம் அப்படி ஒரு துண்டு வாங்கினார். முதல் வருடம் கன்றுகள் தழைத்தன. இரண்டாவது சித்திரையில் தண்ணீர் ஊற்ற ஆள் வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது இருபது குச்சிகள் நின்றன. வாசல் கேட்டில் திண்டுக்கல் பூட்டு தொங்கியது. சேமிப்பில் பாதியைப் போட்ட மனிதர் அவர். நிலத்தை இப்படி விற்பதை மோசடி என்றே சொல்வேன். நிலம் பராமரிப்பு ஒப்பந்தத்தில் விளைவதில்லை. யாராவது ஒருவர் தினமும் அதில் நிற்க வேண்டும்.

நிற்பது என்றால் என்ன என்பதைக் கோரைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

ஐப்பசி மழை ஓய்ந்து நான்காம் நாள் காட்டுக்குப் போனேன். தக்காளிக்காகப் பிடித்து வைத்திருந்த பார் முழுக்கப் பச்சை ஊசிகளாகக் கோரை முளைத்திருந்தது. குனிந்து இரண்டு மணி நேரம் பிடுங்கினேன். மண் ஈரமாக இருந்ததால் லேசாக வந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன். எட்டாம் நாள் போனால் முன்னைவிட அடர்த்தியாக நிற்கிறது. பக்கத்துக் காட்டு அக்கா வரப்பில் நின்று பார்த்துவிட்டு இறங்கி வந்தார். “இலையப் பிடிச்சு இழுத்தா அது சிரிச்சுக்கிட்டே மறுபடி வரும் டீச்சர். கிழங்க எடுக்கணும்” என்று சொல்லிக் களைக்கொத்தை வாங்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். செடிக்கு ஒரு சாண் தள்ளிக் கொத்தி, மண்ணைப் புரட்டி, விரலால் தடவி எடுத்தார். நிலக்கடலைப் பருப்பு அளவில் கறுப்பாக ஒரு கிழங்கு. அதிலிருந்து நூல் மாதிரி ஒரு வேர் ஓடி அடுத்த கிழங்கைப் பிடித்திருந்தது. அதிலிருந்து இன்னொன்று. ஒரே செடியில் ஆறு கிழங்கு வந்தது. டிராக்டர் கொழு அந்த நூலை அறுத்துப் போட்டால் அறுந்த கிழங்கு ஒவ்வொன்றும் தனிச் செடியாக முளைக்கும் என்றார். காசு கொடுத்து உழவு போட்டு, கோரையை நானே காடு முழுக்க விதைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. கிழங்கை நசுக்கி மோந்து பார்த்தேன். குளியல் பொடியின் வாசனை. மூன்று சென்ட் பாரில் இருந்து கோரைக்கிழங்கு எடுத்து முடிக்க எனக்குப் பதினேழு மணி நேரம் ஆனது. நோட்டில் இருக்கிறது.

பிறகு மயில். அது தேசியப் பறவை. 1972 வனவுயிர்ச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. கல்லெடுத்து எறிய எனக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை. நட்ட நாற்றைக் கொத்திப் போட்டுவிட்டு அது பாட்டுக்கு நடந்து போகும். அம்மாவின் பழைய சின்னாளபட்டிச் சேலைகளைக் குச்சி நட்டுச் சுற்றிக் கட்டினோம். ஓரளவுக்குத் தாங்கியது. இந்தப் பக்கத்துச் சிறு விவசாயி ஒவ்வொருவருக்கும் இந்த நஷ்டம் உண்டு.

அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. டவுனில் எங்கள் வீட்டில் இருக்கும்போது ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். கார்த்திகையில் ஒரு நாள் ஆட்டோ வைத்துக் காட்டுக்கு அழைத்துப் போய் வேப்பமரத்தடியில் உட்கார வைத்தேன். நான் பிடுங்கிக் குவித்திருந்த களையைக் கிட்டே இழுத்துப் பிரிக்க ஆரம்பித்தார். “இது பண்ணைக்கீரை. இது தொய்யக்கீரை. இது மூக்கிரட்டை, உங்க அப்பா கால் வீங்கினப்ப வச்சுக் குடுத்தேன்ல. களைன்னு நீ எறிஞ்சதுல பாதி கடைசலுக்கு ஆகும்டி.” ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி, கொழுந்தை மட்டும் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டார். அன்று ராத்திரி அந்தக் கீரையைப் பருப்போடு கடைந்து கம்பஞ்சோற்றுக்குப் போட்டார். அடுப்பருகே அவர் நின்று வருடக்கணக்காகியிருந்தது. அதற்குப் பிறகு வாரம் தவறாமல் வருகிறார். மார்கழி, தையில் அவரை பனிக்குப் பூத்துக் காய்த்துத் தள்ளும். கூடவே அசுவினியும் அப்பும். பனி காய்வதற்குள், இலை நனைந்திருக்கும்போதே அடுப்புச் சாம்பலைத் தூவினால் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிக்கொடுத்தவரும் அம்மாதான். விடிகாலை ஆறு மணிக்கு, சாம்பல் சட்டியும் கையுமாக நான் கொடிக்கடியில் நிற்பேன். “அடியிலயும் தூவு, இலையத் திருப்பித் தூவு” என்று கட்டிலில் இருந்து குரல் வரும்.

இதையெல்லாம் வரவுப் பக்கத்தில் எந்த எண்ணாக எழுதுவது? எழுதவில்லை. ஆனால் 21,340 ரூபாய் துண்டு விழுந்தும் இந்த ஆடியில் மறுபடி உழப்போகிறேன் என்றால் இதற்காகத்தான். நிலம் வேண்டும் என்று கேட்கிற பிள்ளைகளிடம் இப்போது இப்படிச் சொல்கிறேன்: வருமானத்துக்கு வராதீர்கள், வேலையை விடாதீர்கள், வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்வரும் தூரத்தில் ஐந்து சென்ட் கிடைத்தால் போதும். கடன் வாங்கி நிலம் வாங்கவே கூடாது. சும்மா கிடக்கும் சொந்தக்காரர் நிலம் எல்லா ஊரிலும் இருக்கிறது, கேளுங்கள்.

எங்கள் பக்கம் நிலத்தைப் பற்றிப் பேசினால் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் பெயர் வராமல் இருக்காது. அய்யலூரைத் தாண்டி மலைகளுக்கு நடுவே கடவூர் அருகில் அவர் 2009இல் தொடங்கிய வானகம் இருக்கிறது. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்து வேலையை 1960களின் கடைசியில் விட்டுவிட்டு வெளியே வந்தவர், வெளியிலிருந்து விலைக்கு வாங்கும் இடுபொருளைக் குறைக்க வேண்டும் என்றே சாகும்வரை சொன்னார். இன்றோ அவர் படம் ஒட்டிய டப்பாக்களில் இயற்கை உரம் விற்கிறது. பொழுதுபோக்காக விவசாயம் செய்ய வருகிறவர்கள் முதலில் வாங்கிக் குவிப்பது அந்த டப்பாக்களைத்தான். ஆட்டுக்கிடை போடுங்கள். இரண்டு ராத்திரிக் கிடைக்கு ஈடாகும் டப்பாவை நான் இன்னும் பார்க்கவில்லை.

இனி நோட்டின் அந்த மூன்றாவது பத்திக்கு வருகிறேன்.

மூன்று சென்ட் தக்காளியில் எனக்கு 118 கிலோ கிடைத்தது. 88 மணி நேர உழைப்புக்கு 3,520, கைக்காசு 1,430. கிலோவுக்கு அடக்கம் 42 ரூபாய். மாசியில் இரண்டு பெட்டி, 28 கிலோ, கமிஷன் கடைக்குக் கொண்டுபோனேன். பெட்டி 120 என்றார்கள். 240 ரூபாயில் நூற்றுக்குப் பத்து கமிஷன் போக, வண்டிக்கு 40 போக, கையில் 176 வந்தது. கிலோவுக்கு ஆறேகால் ரூபாய். நான் கைப்பழக்கம் இல்லாதவள், என் அடக்கம் கூடுதலாகத்தான் இருக்கும். அதனால் பக்கத்துக் காட்டு அக்காவின் அரை ஏக்கர் கணக்கையும் அவரோடு உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். கைக்காசு மட்டும் போட்டால் கிலோவுக்கு 8 ரூபாய். அக்காவும் அவர் வீட்டுக்காரரும் பாடுபட்டதற்குக் கூலி போட்டால் 14. “எங்க கூலிய யாரு டீச்சர் எழுதுறா?” என்றார். கடைசி இரண்டு பறிப்பை அவர் பறிக்கவே இல்லை. பறிக்கிற கூலிக்குக் கட்டாது என்று காட்டில் ஆட்டை விட்டுவிட்டார். அந்தப் பழத்தை ஆடு தின்பதை வரப்பில் நின்று இரண்டு பேரும் பார்த்தோம்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கர்கூட இல்லை. என்னுடையது பொழுதுபோக்கு, அக்காவுடையது பிழைப்பு என்று பிரிப்பது நிலத்தின் அளவு அல்ல. எனக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது. தக்காளி ஆறு ரூபாய்க்குப் போனாலும் என் வீட்டில் உலை கொதிக்கும்.

அக்கா கேட்ட கேள்விக்கு அரசாங்கத்தின் ஏட்டில் பாதிப் பதில் இருக்கிறது. மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலைக்குக் கணக்குப் போடும்போது கைச்செலவோடு குடும்பத்தார் உழைப்புக்கும் ஒரு மதிப்பைச் சேர்க்கிறது. நிலத்தின் குத்தகை மதிப்பையும் முதலீட்டின் வட்டியையும் சேர்த்த முழு அடக்கத்தைப் போல் ஒன்றரை மடங்கு விலை வேண்டும் என்பது விவசாயச் சங்கங்களின் கோரிக்கை. 2004இல் அமைத்த சுவாமிநாதன் ஆணையத்தின் பரிந்துரையிலிருந்து அவர்கள் அதைக் கேட்கிறார்கள். அந்த விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆதரவு விலை அறிவிக்கும் பட்டியலில் நெல் இருக்கிறது, பயறு இருக்கிறது, கடலை இருக்கிறது. தக்காளியும் சின்ன வெங்காயமும் கத்தரியும் இல்லவே இல்லை. திண்டுக்கல் சமவெளியில் சிறு விவசாயி நம்பியிருப்பது இவற்றைத்தான். ஒட்டன்சத்திரத்திலிருந்து ராத்திரி லாரி ஏறிக் கேரளத்துக்குப் போவதும் இவைதான். அந்தக் கேரளம் 2020 நவம்பரில், தன் மாநிலத்தில் விளையும் 16 வகைக் காய் கனிகளுக்கு அடிப்படை விலை வைத்தது. அடக்க விலைக்கு மேல் இருபது சதவீதம் என்பது கணக்கு. தக்காளிக்கு அன்று வைத்தது கிலோ 8 ரூபாய். அந்தத் தொகை போதுமா என்பது வேறு கேள்வி. இதற்குக் கீழே விலை போகக் கூடாது என்று ஓர் அரசு கோடு கிழித்தது. அந்த ஊர்ச் சந்தைக்குக் காய் அனுப்பும் நம் மாவட்டத்துக்கு அப்படி ஒரு கோடு இல்லை. தமிழ்நாடு அரசு தக்காளிக்கும் சின்ன வெங்காயத்துக்குமாவது இதைச் செய்ய வேண்டும்.

இதைக் கேட்கும் பொறுப்பு நமக்கு இருக்கிறது என்பது என் முடிவு. சம்பளமோ பென்ஷனோ கையில் வைத்துக்கொண்டு, ஆசைக்கு விவசாயம் செய்கிற நமக்கு எழுதத் தெரியும், கணக்குப் போடத் தெரியும், ஒரு நாள் காட்டுக்குப் போகாவிட்டால் கூலி கெடாது. அக்காவுக்கு அப்படி இல்லை. விளைந்த தக்காளியை நாம் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறோம். அது விளைய ஆன மணி நேரத்தை எங்கும் சொல்வதில்லை. அதனால்தான் காய் சும்மா விளைகிறது என்று டவுன்காரர் நினைக்கிறார். உழவர் சந்தையில் பத்து ரூபாய்த் தக்காளிக்கு எட்டு ரூபாய் என்று நின்று பேரம் பேசுகிறார். நானும் பேசியவள்தான். 1999இல் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்து இத்தனை வருடம் ஆன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

மாடியில் நாலு தொட்டி வைத்திருந்தாலும் சரி, நாலு ஏக்கர் வைத்திருந்தாலும் சரி, இந்த ஆடியில் ஒரு நோட்டுப் போடுங்கள். உங்கள் உழைப்புக்கு மணிக்கு 40 ரூபாய் எழுதுங்கள். பக்கத்து நிலத்துக்காரரிடம் கேட்டு அவருடைய கணக்கையும் எழுதுங்கள். மாதா மாதம் கலெக்டர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு அக்காவும் நானும் இரண்டு நோட்டையும் எடுத்துக்கொண்டு போகிறோம். நீங்களும் வாருங்கள்.