சிறுவயது ஆஸ்துமாவும் விமானப்படை விமானிப் பணியும்: கோலார் தங்கவயல் மாணவர்கள் அறிய வேண்டியவை

கோலார் தங்கவயல்: இந்திய விமானப்படையில் விமானிகளுக்குப் பற்றாக்குறை நிலவுகிறது. 2015-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 486 ஆக இருந்த இந்தப் பற்றாக்குறை, 2021 இறுதியில் 596 ஆக உயர்ந்துவிட்டதாக 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் தாக்கலான தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை தெரிவித்தது. ஆண்டுக்கு 222 பயிற்சி விமானிகளைச் சேர்க்கும் இலக்கும் எட்டப்படவில்லை. இதற்கு மருத்துவ விதிகள்தான் காரணம் என்று கூற இயலாது. பயிற்சி விமானங்களின் பராமரிப்புச் சிக்கல்களையே தணிக்கை அறிக்கை விரிவாகப் பேசியது. ஆனாலும், ஆள் தேவைப்படும் ஒரு படை யாரை எந்தக் காரணத்துக்காக வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது என்ற கேள்வி இயல்பாக எழுகிறது.

அந்தக் கேள்விக்கு கோலார் தங்கவயலில் தனிப் பொருள் உண்டு. திரைப்படங்களால் நாடெங்கும் பெயர் பரவிய இவ்வூரில் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. பொன் பிரித்தெடுத்த பின் கொட்டப்பட்ட கழிவுமண் மட்டும் சயனைடு மேடுகளாக ஊரைச் சுற்றி நிற்கிறது. பதின்மூன்று மேடுகள், சுமார் 3.3 கோடி டன் மண். காற்று வீசும் மாதங்களில் அந்த நுண்தூசி தொழிலாளர் குடியிருப்புகளுக்குள் புகுவதாக மக்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். குழந்தைக்கு மூச்சிரைப்பு வந்ததும் கிளினிக்குக்குத் தூக்கிச் சென்று நெபுலைசர் வைத்துத் திரும்புவது இங்குள்ள பல வீடுகளுக்குப் புதிதல்ல. அப்படி வளர்ந்த ஒருவர் பியூசி முடித்துவிட்டு விமானியாக விண்ணப்பிக்கும்போது, ஐந்து வயதில் வந்த இரைப்பு அவரது வாய்ப்பைப் பறிக்குமா?

விதி கூறுவது என்ன?

தேசியப் பாதுகாப்பு அகாடமி தேர்வுக்கு யுபிஎஸ்சி வெளியிடும் அறிவிக்கையின் இணைப்பிலேயே விமானப்படையின் மருத்துவத் தரநிலைகள் அச்சிடப்பட்டுள்ளன. மூச்சுக்குழாய் ஆஸ்துமா, வீசிங், ஒவ்வாமை மூக்கழற்சி ஆகியவை திரும்பத் திரும்ப வந்த வரலாறு இருந்தால், அது நிராகரிப்புக்குக் காரணமாகும் என்பதே அதன் சாரம். இது பொதுத் தரநிலையில் இடம்பெற்றிருப்பதால், விமானி வாய்ப்பு இல்லையென்றால் தரைப்பணிப் பிரிவுக்குப் போய்விடலாம் என்ற கணக்கும் எளிதில் பலிக்காது. தொடர்ந்து இருமலும் மூச்சுக்குழல் அழற்சியும் வந்தவர்களுக்குத் தனிப் பத்தி உண்டு. அதில் நுரையீரல் செயல்திறன் பரிசோதனையும் மருத்துவ வல்லுநரின் கருத்தும் குறிப்பிடப்பட்டுள்ளன.

இந்த விதியில் இரண்டு சொற்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, 'திரும்பத் திரும்ப'. எத்தனை முறை வந்தால் திரும்பத் திரும்ப? அதற்கு எண் இல்லை. இரண்டாவது, 'வரலாறு'. எந்த வயது முதலான வரலாறு? அதற்கும் வரம்பு இல்லை. மூன்று வயதில் வந்த வீசிங்கும் பதினேழு வயதில் வந்த வீசிங்கும் எழுத்தளவில் ஒரே நிலையில் நிற்கின்றன. இடைவெளியை நிரப்புவது மருத்துவ வாரியத்தின் தீர்மானம்.

கடுமைக்குக் காரணம் உண்டு

இந்தக் கடுமையை வெறும் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. போர் விமானம் கூர்மையாகத் திரும்பும்போது விமானியின் உடல் தன் எடையைப் போல ஏழெட்டு மடங்கு கனப்பதாக உணரும். இரத்தம் கால்களுக்கு இறங்கி நினைவு தப்பாமலிருக்க, அவர் வயிற்றையும் தொடைகளையும் இறுக்கி மூச்சை அடக்கி, சுமார் மூன்று விநாடிக்கு ஒருமுறை மட்டும் சட்டெனக் காற்றை மாற்ற வேண்டும். மூச்சுக்குழல் சற்றே சுருங்கியிருந்தாலும் இந்தப் பயிற்சி குலையும். அவர் முகக்கவசம் வழியே பெறும் ஆக்சிஜனோ வறண்டது. வறண்ட காற்று ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது.

அழுத்த மாற்றம் இன்னும் ஆபத்தானது. 18,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிதான். அறையின் அழுத்தம் திடீரென இழக்கப்பட்டால் நுரையீரலில் உள்ள காற்று விரிவடையும். சுருங்கிய குழல்களுக்குப் பின்னால் சிக்கிய காற்று வெளியேற வழியின்றி நுரையீரலையே கிழித்துவிடலாம். ஒற்றை இருக்கை விமானத்தில் இன்ஹேலரை எடுத்து நீட்ட அருகில் யாரும் இல்லை. எனவே இன்றும் ஆஸ்துமா உள்ள ஒருவரை விமானப்படை மறுப்பது நியாயமே. நேற்று இருந்து இன்று இல்லாதவரைப் பற்றியதே விவாதம்.

அப்படிப்பட்டவர்கள் பலர் என்பதை மருத்துவ ஆய்வுகள் காட்டியுள்ளன. அமெரிக்காவின் டூசான் நகரில் 1980-இல் தொடங்கிய நீண்டகால ஆய்வில், மூன்று வயதுக்குள் வீசிங் வந்த குழந்தைகளில் சுமார் 60 சதவீதத்தினருக்கு ஆறு வயதில் அது இல்லை. சளிக்காய்ச்சலின்போது சிறிய மூச்சுக்குழல்கள் அடைபட்டு எழும் ஓசை, வளர வளர நின்றுவிடுகிறது. ஆனால் மருத்துவச் சீட்டில் எழுதப்பட்ட சொல் நின்றுவிடுவதில்லை.

அமெரிக்கப் படைகளின் சேர்க்கைத் தரநிலை இதனால்தான் ஒரு கோடு கிழித்தது: 13-வது பிறந்தநாளுக்குப் பின் ஆஸ்துமா இருந்திருந்தால் தகுதியின்மை. அதற்கு முன் வந்து மறைந்தது அந்தத் தடைக்குள் வராது. அந்த வயது சரியா என்று வல்லுநர்கள் வாதிடலாம். ஆயினும் ஒரு கோடு இருந்தால் விண்ணப்பதாரருக்குத் தன் இடம் தெரியும். இந்திய விதியில் அத்தகைய கோடும், அதைத் தாண்டியவர்களுக்கு மூச்சுக்குழல் உணர்திறனை அளக்கும் கட்டாயப் பரிசோதனையும் சேர்க்கப்பட்டால், தரம் குறையாமலே தெளிவு கூடும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மூச்சும் பதிவேடும்

பதிவேடு என்றால் என்ன என்பதைத் தங்கவயல் நன்கு அறியும். 1940-களில் இங்கே சுரங்கத் தொழிலாளர்களிடம் நடத்தப்பட்ட சிலிக்கோசிஸ் ஆய்வு, பரிசோதிக்கப்பட்டவர்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு அந்நோய் இருப்பதைக் கண்டறிந்தது. இந்தியாவில் அந்நோய் குறித்த முன்னோடி ஆய்வுகளில் அது ஒன்று என்பது குறிப்பிடத்தக்கது. வட ஆற்காட்டிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வந்து சுரங்கத்தில் இறங்கிய தாத்தாக்களுக்கு, நுரையீரல் குறித்த ஒரு காகிதம் இருந்தால் இழப்பீடு, இல்லையென்றால் இல்லை. பேரப்பிள்ளைகளுக்கோ அதே போன்ற காகிதம் தடையாக மாறுகிறது. (சிலிக்கோசிஸ் கல்தூசியால் நுரையீரல் தழும்பேறும் நோய். ஆஸ்துமா மூச்சுக்குழல் அழற்சி. இரண்டையும் குழப்பக் கூடாது.)

ஆகவே காகிதத்தையே மறைத்துவிடலாம் என்ற யோசனை பல வீடுகளில் எழுவது புரிந்துகொள்ளத்தக்கது. ஆஸ்துமா என்ற சொல்லையே தவிர்த்து 'லேசான வீசிங்' என்று சொல்வதும், பழகிவிடும் என்ற அச்சத்தில் இன்ஹேலரை ஒதுக்குவதும் இங்கு வழக்கம்தான். இரண்டாவது பழக்கம் உடலுக்கே தீங்கு. முதலாவது, படை மருத்துவப் பரிசோதனையின்போது கையெழுத்திட வேண்டிய உறுதிமொழிப் படிவத்தில் சிக்கலாகும். கடந்தகால நோய்கள் குறித்து அப்படிவம் நேரடியாகவே கேட்கிறது.

மறைப்பதன் விலை பின்னாளில் தெரியும். தரம்வீர் சிங் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம், சேரும்போது பதிவேட்டில் நோய்க் குறிப்பு இல்லாத வீரருக்குப் பின்னர் வரும் நோய் பணியின் விளைவாகவே கருதப்பட வேண்டும் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு அடித்தளமான பாதுகாப்பு அது. நோயை மறைத்தே சேர்ந்தார் என்பது வெளிப்பட்டால் அந்தப் பாதுகாப்பும் கேள்விக்குள்ளாகும். அமெரிக்காவில் 2022-இல் ஆள்சேர்ப்பு நிலையங்களுக்கு மின்னணு மருத்துவப் பதிவேட்டு முறை வந்தபோது, விண்ணப்பதாரர்கள் சொல்லாமல் விட்ட சிறுவயது நோய்கள் திரையில் தோன்றின. ஆள்சேர்ப்பின் வேகமும் குறைந்தது. இந்தியாவிலும் 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் நாடு முழுவதும் விரிவாக்கப்பட்டது. தனிநபரின் இசைவோடு மட்டுமே அதன் பதிவுகள் பகிரப்படும் என்றாலும், இன்று பிறக்கும் குழந்தையின் நெபுலைசர் சீட்டு இனி எளிதில் தொலையாது.

செய்யக்கூடியது என்ன?

விமானப் பிரிவுக்குத் தேர்வாகும் இளைஞர்களின் மருத்துவப் பரிசோதனை நடைபெறும் இடங்களில் ஒன்று, தங்கவயலிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் பெங்களூருவில் உள்ள வான்வெளி மருத்துவ நிறுவனம். அங்கு செல்வதற்கு முன்பே, எழுத்துத் தேர்வுக்குப் படிக்கும் காலத்திலேயே, நுரையீரல் மருத்துவரைக் கண்டு ஸ்பைரோமெட்ரி செய்துகொள்வது நல்லது. கடைசியாக எப்போது மருந்து எடுத்தார், விளையாடும்போது இரைக்கிறதா, அன்று எழுதப்பட்டது உண்மையில் ஆஸ்துமாவா அல்லது சளியால் வந்த வீசிங்கா என்பதை எழுத்தில் பெறலாம். வாரியம் தகுதியற்றவர் என்று அறிவித்தால் மேல்முறையீட்டு மருத்துவ வாரியத்தை அணுக வழி உண்டு. அங்கே இந்த ஆவணங்கள் பேசும். ஆனால் படை மருத்துவர்களின் முடிவுக்கு மேலாகத் தனியார் மருத்துவமனைச் சான்றை ஏற்க நீதிமன்றங்கள் பொதுவாகத் தயங்குகின்றன என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

பயணிகள் விமானத்தின் கதவு சற்று அகலமானது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தரநிலை, குறிப்பிடத்தக்க அறிகுறிகளை உண்டாக்கும் அல்லது பறக்கும்போது செயலிழக்கச் செய்யக்கூடிய ஆஸ்துமாவையே தடையாகக் கருதுகிறது. பழைய வரலாறு மட்டுமே தடையாகாது. எனினும் வணிக விமானி உரிமத்துக்கான பயிற்சிச் செலவு பல லட்சங்கள். சுரங்கம் மூடியபின் மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருவில் கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்துக்கு அது எட்டாத தொகை. படை விமானியாவதற்கோ பயிற்சிக் கட்டணமே இல்லை. கடன் வாங்கியாவது சேர முடிவெடுப்போர், பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டுவதற்கு முன்பே முதல் வகுப்பு மருத்துவச் சான்றைப் பெற்றுவிட வேண்டும். இந்தச் சான்றுக்கான தொடக்கப் பரிசோதனையும் அதே பெங்களூரு நிறுவனத்தில் நடைபெறுகிறது.

அகாடமி தேர்வுக்கான அறிவிக்கை ஆண்டுக்கு இருமுறை வெளியாகிறது. வயது, கல்வித் தகுதி, பாடத்திட்டம் ஆகியவற்றைப் படித்ததும் பலர் அதை மூடிவிடுகின்றனர். மூச்சுறுப்புகள் பற்றிய பத்தி அதன் பின்பக்கங்களில்தான் இருக்கிறது.