மூட்டையோடு வரும் விருந்தாளிகள்

நம் நடுத்தரக் குடும்பங்களுக்கு ஊர் என்றால் இரண்டே வகைதான். ஒன்று பார்க்கிற ஊர். மற்றொன்று வாங்குகிற ஊர். பார்க்கிற ஊருக்குக் காமிராவோடு போவோம். அங்கே விலை கேட்காமல் செலவு செய்வோம். வாங்குகிற ஊருக்குக் காலிப் பையோடு போவோம். அங்கே மூச்சுக்கு மூச்சு பேரம் பேசுவோம். ஊட்டியும் கொடைக்கானலும் முதல் வகை. திருப்பூர் இரண்டாம் வகை. இந்தப் பாகுபாடு வேதவாக்கைப் போல எல்லோர் மனத்திலும் ஊறிக் கிடக்கிறது. இது வெறும் அறியாமை அல்ல, நன்றி கெட்டதனமும்கூட என்பதுதான் என் கட்சி.

சென்ற டிசம்பரில், பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை விட்ட சமயம், குடும்பத்தோடு திருப்பூரில் இரண்டு நாள் தங்கப் போவதாகச் சொன்னேன். "பனியன் வாங்கவா?" என்று கேட்டார்கள். "இல்லை, ஊர் பார்க்க" என்றேன். எனக்குச் சித்தம் சற்றுக் கலங்கிவிட்டது என்றே பலரும் முடிவு கட்டியிருக்க வேண்டும். நாங்கள் யாரும் அதற்குமுன் அந்த ஊரில் கால் வைத்ததில்லை. அந்த ஊர் பனியன் மட்டும் முப்பது நாற்பது வருஷமாக எங்கள் எல்லோர் உடம்பிலும் இருக்கிறது.

என் மனைவியின் அண்ணன், அமெரிக்காவில் போர்ட்லாந்து நகரத்தில் மகன் வீட்டில் சில மாதம் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். அவருக்கு என் பிரயாணத்தைக் கேட்டுத் தாங்கவில்லை.

"மாப்பிள்ளை, ஊருன்னா அதுதான் ஊரு! நகரத்துக்கு நடுவுலே காடு. தெருவுக்குத் தெரு சாப்பாட்டு வண்டி. உலகத்துச் சாப்பாடெல்லாம் அங்கே கிடைக்குது. ஆத்தங்கரையிலே ஜனங்க பாய் விரிச்சுப் படுத்திருக்காங்க. நீங்க என்னடான்னா சாயத் தண்ணியைக் காட்டக் குழந்தைகளைக் கூட்டிட்டுப் போறீங்களே!" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. போர்ட்லாந்தின் எல்லைக்குள்ளேயே 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட காடு இருப்பது வாஸ்தவம். ஆனால் அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அவர் பாய் விரித்துப் படுத்த அந்த வில்லமெட் நதி, ஒரு காலத்தில் காகித ஆலைகளின் கழிவும் நகரத்துச் சாக்கடையும் சேர்ந்து நாறிக் கிடந்த நதி. 1962-ல் டாம் மெக்கால் என்ற பத்திரிகையாளர் அந்த நாற்றத்தைத் தொலைக்காட்சியில் படமாக எடுத்துக் காட்டி ஊரையே வெட்கப்பட வைத்தார். 1967-ல் அவரே அந்த மாகாணத்தின் கவர்னரும் ஆனார். ஆற்றங்கரையை அடைத்துக்கொண்டு ஓடிய பெரிய சாலையை 1974-ல் மூடினார்கள். 1978-ல் அந்த இடத்தில் பூங்கா வந்தது. ஆக, நதிக்கரைப் பசுமை அந்த ஊருக்கு ஆண்டவன் கொடுத்த சீதனம் அல்ல. வெட்கப்பட்டுச் சம்பாதித்த சொத்து. போர்ட்லாந்தின் நதியை இன்றைய அழகைக் கொண்டும், திருப்பூரின் நதியை நேற்றைய அழுக்கைக் கொண்டும் எடை போடுவது என்ன நியாயம்?

திருப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால், நடக்கிற தூரத்திலேயே இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று குமரன் நினைவிடம். 1932 ஜனவரியில் கொடியைப் பிடித்த கையோடு தடியடி பட்டு அந்தப் பிள்ளை உயிரை விட்டபோது அவனுக்கு வயது 27. மற்றொன்று காதர்பேட்டை. ரயிலிலிருந்து இறங்குகிற குடும்பங்கள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று அரைமணி நேரம் நின்று பார்த்தேன். சொல்லவே வேண்டாம்.

காதர்பேட்டையை நான் குறை சொல்லவில்லை. அது ஓர் அற்புதமான இடம். சந்துக்குச் சந்து கடை; கடைக்குள் தரையிலிருந்து கூரைவரை பனியன், ஜட்டி, டி-ஷர்ட், குழந்தைகளின் உடுப்பு. வெளிநாட்டு ஆர்டருக்குத் தைத்து மிஞ்சியது, தையல் பிசகியதால் செகண்ட்ஸ் என்று கழிக்கப்பட்டது, உள்ளூருக்கென்றே தைத்தது, எல்லாம் கலந்து கிடக்கும். வெளிமாநில வியாபாரிகள் மொத்தமாக மூட்டை கட்டுகிறார்கள். அவர்களுக்கு நடுவே, எங்களைப்போல் பை தூக்கிய குடும்பங்கள்.

அந்தக் குடும்பங்களில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்த்தாலே தெரிந்தது, நல்ல உத்தியோகஸ்தர் வீடு. அந்த அம்மாள் ஒரு டி-ஷர்ட்டைக் கையில் எடுத்தார். கடைக்காரர் நூற்றிருபது என்றார். அம்மாள் அறுபதுக்குக் கேட்டார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "ஏனுங்கம்மா, அறுபது ரூபாய்க்குத் துணிகூட வராதுங்க. நூல் வாங்கோணும், பின்னோணும், சாயம் போடோணும், வெட்டோணும், தைக்கோணும். நானும் ரெண்டு காசு பார்க்கோணுமில்லைங்க?" என்றார். "எக்ஸ்போர்ட்டில் மிஞ்சினதுதானே? உங்களுக்குச் சும்மா வந்தது" என்றார் அம்மாள். கடைசியில் தொண்ணூறுக்கு முடிந்தது. வெளியே வந்து கணவரிடம், "இன்னும் பத்து குறைத்திருக்கலாம்" என்று வருத்தப்பட்டார். பக்கத்துக் கடையில் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த ஐஸ்கிரீமுக்கு அவர் பேரம் பேசவில்லை.

காதர்பேட்டைக் கடைக்காரர்கள் எல்லோரும் அரிச்சந்திரர்கள் என்று நான் வாதாட வரவில்லை. சொல்கிற விலையில் கொஞ்சம் ஏற்றி வைத்துத்தான் சொல்கிறார்கள். நாம் குறைப்போம் என்பது அவர்களுக்குத் தெரியும். என்னை உறுத்தியது அந்தச் 'சும்மா' என்ற வார்த்தை. இந்த ஊரில் எதுவும் சும்மா வரவில்லை. நாம் குறைத்த பத்து ரூபாயை யாரோ எங்கேயோ கட்டித்தான் ஆகவேண்டும். பல வருஷங்கள் அதை நொய்யல் ஆறு கட்டியது.

எப்படி என்று கேட்பீர்கள். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும், அதுவும் ஏராளமாக. சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும், உப்பு போகாது. துணியை அலசுகிற தண்ணீரோடு அது வெளியே வரும். அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்யப் பணம் வேண்டும். கடல் கடந்த கம்பெனி ஒவ்வொரு உருப்படிக்கும் காசு கணக்கில் விலையைக் குறைத்தது. உள்ளூர் நுகர்வோர் பத்து ரூபாய் குறைத்தார். முதலாளி தம் லாபத்தைக் குறைத்துக்கொள்ள மனமில்லாமல் தண்ணீரை அப்படியே ஆற்றில் விட்டார். மூவருக்கும் மிச்சம். வெள்ளியங்கிரி மலையில் பளிங்குபோல் புறப்படுகிற நொய்யல், திருப்பூரைத் தாண்டும்போது அன்றைய ஆர்டர் என்ன நிறமோ அந்த நிறத்தில் ஓடிற்று.

குமரன் பிறந்த சென்னிமலைக்குப் பக்கத்தில், ஒரத்துப்பாளையத்தில், நொய்யலின் குறுக்கே ஓர் அணை இருக்கிறது. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்தார்கள். சில வருஷங்களிலேயே அதில் தேங்கியது தண்ணீர் அல்ல, சாயமும் உப்பும்தான். அணையைத் திறந்துவிடச் சொல்லிப் போராடுகிற விவசாயியை நாம் பார்த்திருக்கிறோம். திறந்துவிடாதே என்று கெஞ்சிய விவசாயியை இந்த அணைதான் படைத்தது. கிணறுகள் உவர்த்தன, தென்னை கருகிற்று. அந்த விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளை ஒரே உத்தரவில் மூடச் சொல்லிற்று.

ஊர் நிலைகுலைந்தது. ஆனால் தப்பி ஓடவில்லை. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாதபடி வடிகட்டி, காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் பிரித்தெடுத்து மறுபடி உபயோகிக்கிற பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கொண்டு பட்டறைகள் மீண்டும் திறந்தன. அந்த எந்திரங்கள் தின்னும் மின்சாரமும் விறகும் கொஞ்சநஞ்சம் அல்ல. அந்தச் செலவும் சேர்ந்ததுதான் இன்றைய சாயக்கூலி. ஆகவே இன்று ஒருவர் நியாயமான விலை சொல்லும்போது, அதில் ஓர் ஆற்றின் உயிரும் சிறு பங்காக அடங்கியிருக்கிறது. அதைத்தான் நாம் "கொஞ்சம் குறைச்சுக் குடுங்க" என்கிறோம்.

"அப்படியானால் ஆறு இப்போது பளிங்காகிவிட்டதா?" என்று என் மைத்துனர் கேட்பார். இல்லை. நகரத்துச் சாக்கடை இன்னும் அதில் கலக்கிறது. கரையில் குப்பையும் கிடக்கிறது. பாய் விரித்துப் படுக்க நான் யாரையும் அழைக்கவில்லை. ஆனால் இரண்டாம் நாள் காலையில் நான் குழந்தைகளை அழைத்துச் சென்ற இடத்தை அவரும் பார்த்திருக்க வேண்டும். ஊத்துக்குளி போகிற வழியில் நஞ்சராயன் குளம் என்று ஒன்று. சுமார் 125 ஹெக்டேர் பரப்பு. 2022-ல் அரசாங்கம் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் அது சர்வதேச ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. கூழைக்கடாக்கள் கப்பல்களைப்போல் மிதந்தன. மஞ்சள் மூக்கு நாரைகள் சேற்றில் நின்று எங்களைச் சட்டை செய்யாமல் தங்கள் உத்தியோகத்தைப் பார்த்தன. இமயத்தைத் தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்தும் இங்கே விருந்துக்கு வருவதுண்டு. பனியன் கம்பெனிச் சங்குகள் ஊதுகிற ஊருக்குப் பக்கத்தில் இது! நாங்கள் இருந்த இரண்டு மணி நேரத்தில் வெளியூர்க் குடும்பம் வேறொன்றும் அங்கே வரவில்லை. வாத்துக்கு வழி தெரிகிறது, நமக்குத் தெரியவில்லை.

இது தவிர, 'வனத்துக்குள் திருப்பூர்' என்ற பெயரில் 2015 முதல் அந்த ஊர்க்காரர்கள் லட்சக்கணக்கில் மரக்கன்று நட்டு வளர்க்கிறார்கள். இத்தனையும் செய்கிற ஊருக்கு நாம் வைத்திருக்கிற செல்லப்பெயர் 'டாலர் நகரம்'. ஒரு மனிதரை அவருடைய சம்பளத் தொகையைச் சொல்லிக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? அதை அந்த ஊரும் பெருமையாக ஏற்றுக்கொண்டிருப்பதுதான் எனக்கு வருத்தம்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் குழந்தைகள் மன்னிக்க மாட்டார்கள். காலையில் சந்தகையும் தேங்காய்ப்பாலும். மத்தியானம் ஒரு சின்ன மெஸ்ஸில் அரிசியும் பருப்பும் சாதம்: அரிசியையும் துவரம் பருப்பையும் சேர்த்தே வேகவைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் தாளித்து, மேலே ஊத்துக்குளி நெய். பரிமாறிய அம்மாள் என் சின்ன மகளிடம், "இன்னொரு கரண்டி போட்டுக்க கண்ணு, காத்துலே பறந்துருவே போல இருக்கே!" என்றார். சாயங்காலம் தள்ளுவண்டியில் காளான். பெயர்தான் காளான், உள்ளே பெரும்பாலும் முட்டைக்கோஸ். ஆனால் அந்தக் காரசாரத்தில் யாரும் விசாரணை வைப்பதில்லை. அதற்கு அடுத்தாற்போல் ஒரு பிகார்ப் பையன், வறுகடலை மாவை உள்ளே வைத்த கோதுமை உருண்டைகளை நெருப்பில் சுட்டுக்கொண்டிருந்தான். லிட்டி என்று பெயராம். சுற்றி நின்று சாப்பிட்டவர்கள், பிகாரிலும் ஒடிசாவிலும் தாய் தகப்பனை விட்டுவிட்டு வந்து நமக்குப் பனியன் தைக்கிறவர்கள். வேறு தேசத்துக்காரன் வந்து வண்டி போட்டால் போர்ட்லாந்தில் அது நாகரிகம். திருப்பூரில் போட்டால், "ஊரெல்லாம் வடக்கத்தி ஆட்கள்" என்று முகம் சுளிக்கிறோம்.

"உல்லாசப் பிரயாணம் என்பது மனத்துக்கு ஓய்வு, உழைக்கிற ஊரில் ஓய்வு ஏது?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். உழைப்பையே பார்க்காமல் இருப்பது ஓய்வு என்றால், மலைமேல் நம் அறையைப் பெருக்குகிறவள் உழைக்கவில்லையா? அங்கே உழைப்பு திரைக்குப் பின்னால் நடக்கிறது. அதனால் நமக்கு அது அழகான ஊர். இங்கே தெருவிலேயே நடக்கிறது. அதனால் அழுக்கு ஊர். நம் பிள்ளைகள் சட்டை கடையில் முளைக்கிறது என்று எண்ணி வளருகிறார்கள். ஒரு துணி எத்தனை கை மாறி, எத்தனை தண்ணீர் குடித்து வருகிறது என்று ஒரு நாள் பார்த்துவிட்டால், அதைக் கிழியும்வரை உடுத்துகிற மரியாதையாவது அவர்களுக்கு வரும்.

ஆகவே அடுத்த விடுமுறைக்குத் திருப்பூருக்குப் போங்கள். பனியன் வாங்கவேண்டாம் என்று உபதேசம் செய்ய நான் சந்நியாசி அல்ல. ஆனால் முதல் நாள் பையை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். குமரனுக்கு ஒரு கும்பிடு போடுங்கள். குளத்தைப் பாருங்கள். ஆற்றையும், மூக்கைப் பொத்திக்கொண்டாவது, பாருங்கள். அதில் நம் கைங்கரியமும் உண்டு. அந்த ஊர்ச் சாப்பாட்டை அந்த ஊர்க்காரர் கையால் சாப்பிடுங்கள். மறுநாள் காதர்பேட்டைக்குப் போய், வேண்டியதை எடுத்துக்கொண்டு, நியாயமான விலையைக் கொடுத்துவிட்டு வாருங்கள். பத்து ரூபாய் கூடப் போகலாம். மலைமேல் ஆறிப்போன தேநீருக்கு அதைவிட அதிகமாகக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இறங்கி வந்தவர்கள்தானே நாம்!