கடல் கடந்து கற்கும் மொழி

மொழியைக் கற்க இரு வழிகள் உண்டு. ஒன்று நூல் வழி. மற்றொன்று வாழ்வு வழி. நூல் வழி இலக்கணத்தைத் தெளிவிக்கும். வாழ்வு வழி நாவிற்குத் துணிவு அளிக்கும். வேற்று நாட்டிற்குச் சென்று பயிலும் மாணவர்க்கு இவ்விரு வழிகளும் ஒருங்கே திறந்துள்ளன. ஆயினும், அவருள் பலர் இரண்டாம் வழியின் வாயிலிலேயே நின்றுவிடுகின்றனர். அயல்நாட்டில் வாழ்ந்தால் அந்நாட்டு மொழி தானே வந்துவிடும் என்னும் நம்பிக்கையே இதற்குக் காரணம். அந்நம்பிக்கை பிழையானது. அயல்நாடு வாய்ப்பைத் தரும், மொழியைத் தாராது.

இவ்வுண்மையைக் காரைக்கால் மாணவரைக் கொண்டு நன்கு உணரலாம். அரசலாறு கடலொடு கலக்கும் இடத்தில் அமைந்த காரைக்கால், 1739ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. இடையிடையே ஆங்கிலேயர் கைக்கு மாறினும், 1954ஆம் ஆண்டு வரை அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் ஆட்சிப் பொறுப்பு இந்தியாவிடம் வந்தது; 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் சட்டப்படி இணைப்பு நிறைவுற்றது. பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பியோர் அதன்பின் ஆறு திங்களுக்குள் எழுதித் தெரிவிக்க ஒப்பந்தம் இடமளித்தது. அவ்வாறு விரும்பிய குடும்பத்தினர் பலர் பிரான்சில் குடியேறினர். ஆதலின், மேற்படிப்பிற்காகப் பாரிசு செல்லும் காரைக்கால் மாணவர் சிலர்க்கு அந்நகரம் முற்றிலும் அயலூர் அன்று. ஒரு மாமாவோ, சித்தியோ, அண்டை வீட்டாரோ அங்கே அவர்களை வரவேற்கின்றனர்.

இஃது பெரும்பேறு. எனினும், பேறே தடையாகும் நிலையும் உண்டு. உறவினர் வீட்டில் காலைமுதல் இரவுவரை தமிழே ஒலிக்கிறது. பொருள் வாங்கச் சென்றால், லா சப்பேல் பகுதியின் தமிழ்க் கடைகள் முருங்கைக்காயையும் கறிவேப்பிலையையும் தமிழிலேயே விற்கின்றன. கையிலுள்ள தொலைபேசி ஊர்ச்செய்தியை நாள்தோறும் கொணர்கிறது. பிரெஞ்சு மொழி கல்லூரி வகுப்பில் மட்டும் கேட்கிறது. அங்கும் செவிக்கே வேலை, நாவிற்கு வேலையில்லை. இவ்வாறு ஓராண்டு கழிந்தால் உடல் பாரிசில் இருந்திருக்கும். மொழி காரைக்காலிலேயே நின்றிருக்கும்.

ஊரில் கற்ற பிரெஞ்சு போதாதா எனச் சிலர் கேட்கலாம். அது கடைக்கால், அதுவே வீடு ஆகாது. ‘எனக்குத் தெரியாது’ என்பதைப் பாடநூல் ‘ஜெ நெ செ பா’ என்று கற்பிக்கிறது. தெருவில் அது ‘ஷெ பா’ எனச் சுருங்கி ஒலிக்கிறது. எழுபதை ‘அறுபது பத்து’ என்றும், எண்பதை ‘நான்கு இருபது’ என்றும், தொண்ணூறை ‘நான்கு இருபது பத்து’ என்றும் பிரான்சு மக்கள் எண்ணுகின்றனர். தொலைபேசி எண்ணை அவர்கள் இரண்டிரண்டு இலக்கமாக விரைந்து சொல்லும்போது, நூலில் இம்முறையைக் கற்றவரும் திகைக்கின்றனர். தமிழில் ‘நீ’, ‘நீங்கள்’ என்பன போல அம்மொழியில் ‘துய்’, ‘வூ’ என இரு சொற்கள் உள்ளன. ஆனால் ஆளும் முறை வேறு. முன்பின் அறியாத மாணவரும் தமக்குள் ‘துய்’ என்றே பேசிக்கொள்வர். பாட்டனாரையும் பெரும்பாலும் அவ்வாறே அழைப்பர். கடைக்காரர் இளையவராயினும் ‘வூ’ என்பர். இம்மரபைப் பழகியே அறிதல் வேண்டும்.

பழகிக் கற்ற பெருமக்களின் சான்று காரைக்காலுக்கு அருகிலேயே உண்டு. வடக்கே உள்ள தரங்கம்பாடியில் 1706ஆம் ஆண்டு செருமானியரான சீகன்பால்கு வந்து இறங்கினார். அவர் தமிழ் அறியார். ஆகவே, திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இருப்பிடத்திலேயே பள்ளி நடத்தச் செய்தார். சிறுவரோடு சிறுவராய் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துக்களை எழுதிப் பழகினார். கற்றறிந்த ஒருவர் குழந்தைகளுடன் அமர நாணவில்லை. அப்பணிவின் பயன் விரைவில் விளைந்தது. 1708ஆம் ஆண்டிலேயே தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு விளக்கப் பட்டியல் எழுதினார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது.

இத்தாலியரான வீரமாமுனிவர் சதுரகராதி தந்த பெரும்புலவர். அவர் செந்தமிழோடு நிற்கவில்லை. மக்கள் பேசும் தமிழுக்கும் தனியே இலக்கணம் வகுத்தார். அந்நூல் 1738இல் தரங்கம்பாடியில் அச்சிடப்பெற்றது. ஏட்டு மொழியும் வாய்மொழியும் ஒரே மொழியின் இரு கரைகள் என்பதை அவர் உணர்ந்திருந்தார். இரு கரையும் அறிந்தவரே ஆற்றை அறிந்தவர்.

இன்றைய மாணவர் செய்யத்தக்கது யாது? முதற்கண் நாணத்தைக் களைதல் வேண்டும். பிழையின்றிப் பேச வந்தபின் பேசலாம் எனக் காத்திருப்பவர், நீந்தக் கற்றபின் ஆற்றில் இறங்க நினைப்பவரை ஒப்பர். பிழையைத் திருத்துமாறு நண்பரை வெளிப்படையாக வேண்டுதல் நன்று. தமிழ் பயில விரும்பும் பிரெஞ்சு மாணவர் கிடைப்பின், ஒரு மணி நேரம் அவர் மொழியிலும் ஒரு மணி நேரம் தமிழிலும் உரையாடலாம். அயல்நாட்டு மாணவர் ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை ஊதிய வேலை செய்யப் பிரெஞ்சுச் சட்டம் இசைகிறது. ரொட்டிக் கடையில் நின்று விற்கும் வேலை பொருளையும் தரும், சொல்லையும் தரும். அன்றன்று கேட்ட புதுத் தொடரைக் குறிப்பேட்டில் எழுதி, மறுநாளே வழங்குதல் சாலச் சிறந்தது.

உறவினர் இல்லத்தைத் துறந்து விடுதியில் தங்குக என்று எல்லார்க்கும் கூறுதல் பொருந்தாது. பாரிசில் அறை வாடகை மிகுதி. பெற்றோரின் பொருள்நிலையோ அளவுடையது. உறவினர் வீட்டில் தங்குவோர் பகற்பொழுதின் ஒரு பகுதியையேனும் பிறமொழியாளர் நடுவே கழித்தல் போதும். பிரான்சிலேயே பிறந்து வளர்ந்த உறவினர் பிள்ளைகளைவிடச் சிறந்த ஆசிரியர் வேண்டுவதுமில்லை. அவர்களோடு மாணவர் பிரெஞ்சில் உரையாடுக. அப்பிள்ளைகளோ மாணவரிடம் தமிழைக் கற்றுக்கொள்ளட்டும்.

இதனால் தாய்மொழி தேயும் என அஞ்சுவதற்கு இடமில்லை. சீகன்பால்கு தமிழ் கற்றமையால் செருமானிய மொழியை இழக்கவில்லை. ஒரு விளக்கிலிருந்து மற்றொன்றை ஏற்றுவதால் முன்னதன் ஒளி குறைவதில்லை. பெற்றோர் அரும்பாடுபட்டு ஈட்டிய பொருளைச் செலவிட்டே மகனையும் மகளையும் கடல் கடந்து அனுப்புகின்றனர். அப்பொருளால் வாங்கக்கூடியது பயணச்சீட்டும் கல்லூரி இடமும் மட்டுமே. மொழியை வாங்க முயற்சி ஒன்றே விலை. அதை மாணவர் தாமே செலுத்துதல் வேண்டும்.