பேட்மேன் ஏன் ஜோக்கரைக் கொல்வதில்லை?



சென்ற மாதம் வாலிபர் கூடுகை முடிந்தபின் ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "ஐயா, பேட்மேன் ஜோக்கரைப் பிடித்து அடைக்கிறான். அவன் தப்பிவந்து மறுபடியும் கொலை செய்கிறான். முதல் நாளே கொன்றிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்?"

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவருடைய அண்ணனைக் குடிபோதையில் வாகனம் மோதிக் கொன்றவர் ஜாமீனில் வெளிவந்து அதே தெருவில் நடமாடுகிறார். அத்தம்பியின் சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன்.

பேட்மேன் தொடக்கத்தில் இப்படிப்பட்டவன் அல்லன். 1939-இல் அவன் தோன்றிய முதற்கதைகளில் எதிரிகள் அவன் கையால் மாண்டதுண்டு. 1940-இல் விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியாலும் சுட்டான். அதன் பின்னரே, இனி அவன் கொல்லலாகாது என்று பதிப்பாசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் விதித்தார்.

விதி முதலில் வந்தது. அதற்கான காரணத்தைப் பின்வந்த கதாசிரியர்கள் தேடினார்கள். பெற்றோர் சுடப்பட்டு விழுந்ததைக் கண்ட சிறுவன் அவன். பின்னாளில் ஜோக்கர், ராபினாயிருந்த ஜேசனையும் கொன்றான். உயிரோடு திரும்பிவந்த ஜேசன், அவனை இன்னும் ஏன் விட்டுவைத்தீர் என்று கேட்கிறான். கொல்வது கடினம் என்று பேட்மேன் சொல்லவில்லை. அது மிக எளிது, ஒருமுறை அவ்விடத்திற்குப் போனால் திரும்பிவர இயலாது என்பதே அவன் பதிலின் சாரம்.

தன் கை சுத்தமாயிருக்கப் பிறருடைய உயிரைப் பணயம் வைக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஜோக்கர் தப்பினால் பழுது சிறைச்சுவரில் இருக்கிறது, செப்பனிடவேண்டியது அச்சுவரையே. முகமூடி அணிந்த ஒருவனே காவலனும் நீதிபதியும் கொலையாளியுமாகிற ஊரில், நாளை அவன் தவறாக எண்ணினால் உங்களைக் காப்பவர் யார்?

எங்கேதியின் குகையை நினைத்துப் பாருங்கள். தன்னை வேட்டையாடிய சவுல் தாவீதின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான். கூட இருந்தவர்கள் தூண்டியும், தாவீது அவன் உடையின் ஓரத்தை மட்டுமே அறுத்தான். அதற்கும் மனம் நொந்தான். நியாயத்தைத் தேவனிடம் ஒப்புவித்தான். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள்: சவுல் அழுது மனம் வருந்தினபோதும் தாவீது அவனோடு திரும்பிப் போகவில்லை. பாதுகாப்பான இடத்துக்கே சென்றான். உயிரை விட்டுவைப்பது வேறு; கண்ணை மூடிக்கொண்டு நம்புவது வேறு.

ஆகவே அத்தம்பியிடம் சொன்னேன்: "வழக்கை விட்டுவிடாதே. ஒவ்வொரு வாய்தாவுக்கும் போ, நானும் வருகிறேன். ஆனால் இரவில் அவர் வீட்டு வாசலில் போய் நிற்காதே." அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "இரண்டு முறை நின்றிருக்கிறேன், ஐயா" என்றார்.

பிரியமானவர்களே, பாகப்பிரிவினையில் வஞ்சித்த சகோதரனோ, அலுவலகத்தில் பழிசுமத்தினவரோ, உங்கள் குகைக்குள்ளும் இன்று ஒருவர் அகப்பட்டிருக்கலாம். நாம் பட்டயம் எடுப்பதில்லை. நாவே நமக்குப் போதும். நீதியைக் கேளுங்கள், உரத்தே கேளுங்கள். தண்டிக்கும் கையாக மட்டும் மாறிவிடாதிருங்கள்.

தேவன்தாமே உங்களைப் பலப்படுத்துவாராக. ஆமென்.