வாசலில் சாத்திய கோல்

சிமிண்டின்பால் எனக்குள்ள துவேஷத்தை இப்பத்தியின் நெடுநாளைய வாசகர்கள் அறிவார்கள். எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் பிராகாரத்துக் கருங்கல்லின்மேல் வழவழவென்று ஓடு பதித்த விவகாரத்தை மூன்று வாரம் விடாமல் எழுதி, தர்மகர்த்தாவின் சிநேகத்தை இழந்தவன் நான். அந்தப் பழைய புண்ணை இந்த வாரம் கிளறியது ஒரு புகைப்படம். குமாவூன் மலைக்கிராமம் ஒன்றில் இரண்டு வாரம் தொண்டு செய்து திரும்பிய என் நண்பரின் பேரன், கையில் கரணையோடு, புதிதாய்ச் சிமிண்டு பூசிய ஒரு நௌலாவின் முன் நின்று சிரிக்கிறான். 'ஊருக்கே தண்ணீர் கொடுத்தோம், தாத்தா' என்று அடியில் எழுதியிருக்கிறது.

மலைச்சரிவில் கசியும் ஊற்றைச் சுற்றிப் படிப்படியாய்க் கல் அடுக்கி, மேலே கூரையும் வேய்ந்து, கோயில்போலப் போற்றிவந்த சிறு நீர்க்கட்டடந்தான் நௌலா. உட்புறக் கற்களைச் சாந்தின்றி அடுக்கியதே, இடுக்குகளின் வழியே நீர் கசிந்து வரட்டும் என்றுதான். அவ்விடுக்குகளைப் பூசி அடைத்துவிட்டுப் பிறகு ஊற்று வற்றியதே என்று அங்கலாய்ப்பது, நோயாளியின் மூக்கைப் பொத்திக்கொண்டு வைத்தியருக்கு ஆளனுப்புவதை ஒக்கும். பையனைக் கோபித்துப் பயனில்லை. கரணையை அவன் கையில் கொடுத்தவர்கள் பெரியவர்கள்.

கோபம் மேலிடும்போதெல்லாம் நான் பிரிக்கும் புஸ்தகம் எதுவென்பதும் வாசகர்களுக்குத் தெரிந்ததே: குளங்களைப் பற்றி அநுபம் மிஸ்ரா 1993-இல் ஹிந்தியில் வெளியிட்ட 'ஆஜ் பீ கரே ஹைன் தாலாப்'. (என் அரைகுறை ஹிந்தியைப் பரிகசித்து வரப்போகும் கடிதங்களுக்கு இப்போதே வந்தனம்.) ஊர்ப்பொதுவான குளங்களைப் பற்றிய நூலும் ஊர்ப்பொதுவாகவே இருக்கட்டும் என்று கருதினார் போலும், பதிப்புரிமையே வேண்டாமென்று விட்டுவிட்டார்.

பௌரி கட்வால் ஜில்லாவில் உஃப்ரைன்கால் என்னும் ஊரின் பள்ளி ஆசிரியராயிருந்த சச்சிதானந்த பாரதி, நட்ட மரங்கள் நீரின்றி வாடாதிருக்க வழி கேட்டது இந்த மிஸ்ராவிடந்தான். 'கால்' என்றால் அங்கே மலைமுகட்டுக் குளம். பெயரில் எஞ்சியிருந்த குளம் மண்ணில் இல்லை. (இந்தக் 'கால்' என்னும் சொல்லை நம் வாய்க்காலோடு முடிச்சுப்போடத் துடிக்கும் பண்டிதர்கள் க்ஷமிக்க வேண்டும்.) பிறகு அம்மலைக்காரர்கள் சரிவுகளில் வெட்டிய சின்னஞ்சிறு குழிகள் 20,000-க்கும் மேல், மழையை அவை பிடித்து நிறுத்தி மண்ணுக்குள் இறக்க, சூக்கா ரௌலா, அதாவது வறண்ட ஓடை, என்று பெயர் பெற்றிருந்த ஓடை மீண்டும் ஓடிக் காட்கங்கா ஆயிற்று.

ஆயினும் என்னை வசப்படுத்தியது குழியன்று, ஒரு கோல். மணி கட்டிய அக்கோலுக்குக் காங்கர் என்று பெயர். அவ்வூர்க் காட்டுக்குக் காவல் போகும் பெண் அதை ஊன்றிக்கொண்டு பகலெல்லாம் மலைமேல் திரிந்து, பொழுது சாய்ந்து வீடு திரும்புகையில், அடுத்த வீட்டு வாசலில் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போய்விடுகிறாள். கூலியுமில்லை, கையெழுத்துப் புஸ்தகமுமில்லை, புகைப்படமுமில்லை. மறுநாள் அந்தக் கதவைத் திறக்கிறவள் கோலைக் காண்கிறாள். அடுப்பு வேலையை முடித்துவிட்டு, அதை எடுத்துக்கொண்டு மலையேறுகிறாள்.